தக்கைத் தூண்டிலுக்கு எந்தக் கோல்? கல் மூங்கில் முதல் கார்பன் வரை

போன இழைக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "டாக்டர், எண்ணூர் முகத்துவாரம் பக்கம் ஓடுற தண்ணியில தக்கை விட்டு மீன் பிடிக்க ராடு வாங்கணும். யூடியூப்ல எல்லாரும் 14 அடி கார்பன்தான் பெஸ்ட்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி.

ஏன்னு சொல்லத்தான் இந்த நீள இழை. இதுக்குப் பின்னாடி இருநூறு வருஷத்துக்கு மேல கதை இருக்கு. அதுல மெட்ராஸ்ல வேலை பார்த்த ரெண்டு சர்ஜன்களும் வர்றாங்க. அதனால எனக்கும் பேச உரிமை உண்டுன்னு வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். குளத்துல தக்கை போடுறது வேற, ஆத்துல போடுறது வேற. குளத்துல தக்கை போட்ட இடத்துலயே நிக்கும். ஆத்துல ஓட்டத்தோட போகும். இரையும் அதே வேகத்துல, இயல்பா மிதந்து வர்ற மாதிரி போகணும். அப்பத்தான் மீன் நம்பும்.

சிக்கல் எங்கேன்னா, கரையோரத் தண்ணி மெதுவா ஓடும், நடு ஆத்துத் தண்ணி வேகமா ஓடும். கோல் நுனிக்கும் தக்கைக்கும் நடுவுல இருக்கிற நரம்பு தண்ணியில படுத்துச்சுன்னா, ஓட்டம் அதை வில்லு மாதிரி வளைச்சு இழுக்கும். தக்கை கோணலா நகரும். மீன் கடிச்சு நீங்க வெட்டி இழுத்தாலும் முதல்ல அந்த வளைவுதான் நிமிரும், முள் அசையவே அசையாது. அதுக்குள்ள மீன் இரையைத் துப்பிட்டுப் போயிடும்.

இதுக்கு ஒரே வழி, நரம்பைத் தண்ணியில படாம தூக்கிப் பிடிக்கிறது. அதுக்கு நீளமான கோல் வேணும். இங்கிலாந்துல ட்ரென்ட் ஆத்தங்கரை நாட்டிங்ஹாம்காரங்க 19-ஆம் நூற்றாண்டுல இந்த முறையைப் பெரிய கலையாவே வளர்த்தாங்க. லேசா தொட்டாலே சுத்துற மர ரீல், மெல்லிய பட்டு நூல், நீளக் கோல். தக்கையை முப்பது நாப்பது கஜம் ஓட்டத்தோட விட்டுப் பிடிப்பாங்க.

ஆனா நீளம் கூடினா கனமும் கூடும். கோலோட மொத்த எடையைவிட அந்த எடை எங்கே இருக்குங்கிறதுதான் முக்கியம். கைப்பிடியில 100 கிராம் கூடினா தெரியாது. 13 அடி தள்ளி நுனியில 10 கிராம் கூடினா, ஒரு மணி நேரத்துல முழங்கை வெளிப்பக்கம் சுருக்குனு பிடிக்கும். ஓ.பி.-யில 'டென்னிஸ் எல்போ'ன்னு எழுதுவோம். வர்றவங்கள்ல பலர் டென்னிஸ் மட்டையைக் கையால தொட்டிருக்கக்கூட மாட்டாங்க.

ஆக, நீளமா இருக்கணும், நுனி லேசா இருக்கணும், ஆனா தொய்யக் கூடாது. தூண்டில் கோலோட வரலாறு முழுக்க இந்த மூணையும் ஒண்ணா சேர்க்கிற போராட்டம்தான்.

அந்தக் காலத்து ஆங்கிலேயர் கோல்கள்ல பாதி, தென்னமெரிக்காவில் இருந்து வந்த க்ரீன்ஹார்ட் மரம். நல்ல உறுதி. ஆனா தண்ணியில போட்டா மூழ்கிடுற அளவுக்குக் கனம். அதை 13 அடிக்குச் செஞ்சு நாள் பூரா ஒத்தைக் கையில பிடிக்கிறதை நினைச்சுப் பாருங்க.

இங்கதான் நம்ம மூங்கில் வருது.

வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்துக்காரர். 1776-ல மெட்ராஸ் மருத்துவப் பணியில அசிஸ்டண்ட் சர்ஜனா சேர்ந்தார். (ஆமா, இன்னிக்கு எம்.ஆர்.பி. எழுதி நாங்க சேர்ற அதே பதவிப் பேருதான். 250 வருஷமா மாத்தல.) டாக்டர் வேலையோட செடிகொடிகளையும் ஆராய்ஞ்சார். பின்னாடி கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கே தலைவரானார். சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பத்தி அவர் போட்ட பெரிய படப் புத்தகத்துல ஒரு மூங்கிலை விவரிச்சிருக்கார். உள்ளே ஓட்டை ரொம்பச் சின்னது, சில சமயம் இருக்கவே இருக்காது. நேரா வளரும், கெட்டி. ஈட்டிக் காம்புக்கு ஏத்ததுன்னு பேர் வாங்கினது. நாம கல் மூங்கில்னு சொல்றது அதைத்தான். அறிவியல் பேர் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ்.

அடுத்த நூற்றாண்டுல அமெரிக்காவுல பென்சில்வேனியாவின் சாமுவேல் ஃபிலிப்பி, அப்புறம் மெய்ன் மாநிலத்து ஹைரம் லெனார்ட் போன்றவங்க, மூங்கிலை நீளவாக்குல கீறி, முக்கோணப் பட்டைகளா சீவி, ஆறு பட்டையை ஒட்டி ஒரே கோலாக்கினாங்க. மூங்கிலோட பலம் முழுக்க வெளித்தோலுக்கு அடியில இருக்கிற நாரில்தான். உள்சதையைச் சீவி எறிஞ்சுட்டு அந்த நாரை மட்டும் வச்சுக்கிட்டா கனம் குறையும், உறுதி அப்படியே நிக்கும். எலும்புல வெளிப்பக்கம் கெட்டியாவும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கிற அதே கணக்கு.

அவங்க ஆரம்பத்துல பயன்படுத்தின மூங்கிலுக்குச் சந்தையில 'கல்கத்தா கேன்'னு பேர். கல்கத்தா துறைமுகம் வழியா போனதால அந்தப் பேர். பெரும்பாலும் கல் மூங்கில் வகைதான். மேலே தீயில வாட்டின கரும்புள்ளிகள் இருக்கும். அதைத் தவிர்த்துப் பட்டை எடுக்கிறது பெரிய தலைவலி. அதனாலேயும், 20-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது சீனாவுல இருந்து வந்த டோங்கின் மூங்கில் நீளமா, கணு இடைவெளி அதிகமா கிடைச்சதாலேயும், நம்ம மூங்கில் அந்தச் சந்தையை விட்டு மெல்ல வெளியேறிச்சு.

இதே காலத்துல இங்கே மெட்ராஸ் மாகாணத்துல என்ன நடந்தது? மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர் ஹென்றி சல்லிவன் தாமஸ், 'தி ராட் இன் இந்தியா'ன்னு 1873-ல ஒரு புத்தகம் போட்டார். இந்தியாவில் தூண்டில் போட நினைச்ச ஆங்கிலேயர்களுக்கு அதுதான் கைப்புத்தகம். குளத்து மீனுக்குன்னு 1887-ல தனியா இன்னொண்ணும் எழுதினார். மீனை அடையாளம் காண உதவினவர் ஃபிரான்சிஸ் டே. 1852-ல மெட்ராஸ் படையில அசிஸ்டண்ட் சர்ஜனா சேர்ந்தவர் (பாருங்க, மறுபடியும்!), பின்னாடி இந்திய மீன்வளத் துறைக்கே தலைமை ஆய்வாளர் ஆனார். 1870-களில் வந்த அவரோட 'ஃபிஷஸ் ஆஃப் இந்தியா' படங்களை இன்னிக்கும் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி நார் வந்துச்சு. மலிவு, நனைஞ்சாலும் உளுக்காது. ஆனா நீளம் போகப் போக நுனி தொங்கும். 1960-களில் பிரிட்டன்ல ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்துல உறுதியான கார்பன் நார் உருவாச்சு. 1973-ல அமெரிக்காவின் ஃபென்விக் கம்பெனி கார்பன் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீளம், லேசு, விறைப்பு மூணும் ஒரே கோலில். நூறு வருஷப் போராட்டம் முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க.

ஒண்ணை மட்டும் யாரும் எதிர்பார்க்கல. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

இங்கிலாந்துல கரையோர மின்கம்பியில கார்பன் கோல் பட்டு ஆட்கள் செத்துப்போன பிறகுதான் எச்சரிக்கைப் பலகைகள் வந்துச்சு. மேல்கம்பியில இருந்து 30 மீட்டருக்குள்ள தூண்டில் போடாதேங்கிறது இன்னிக்கு அங்கே சொல்லப்படுற அறிவுரை.

இப்ப எண்ணூருக்கு வாங்க. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம். வத்தும்போது தண்ணி கடலைப் பார்த்து நல்லா ஓடும். தக்கை விட அருமையான ஓட்டம், மடவை, கிழங்கான், ஊடான் எல்லாம் இருக்கிற தண்ணி. (எங்க எம்.கே.பி. நகர் பக்கம் இருக்கிற கேப்டன் காட்டன் கால்வாயில விட்டா தக்கையே திரும்பி வராது, அதை விடுங்க.) ஆனா தலைக்கு மேல பாருங்க. அனல்மின் நிலையங்கள்ல இருந்து கிளம்புற கோபுரங்கள், கம்பிகள்.

கணக்கு போடுவோம். முன்னே நடைமுறையில இருந்த 1956 இந்திய மின்சார விதிப்படி, தெரு இல்லாத இடத்துல 11,000 வோல்ட் வெற்றுக் கம்பி தரையில இருந்து குறைஞ்சது 4.6 மீட்டர் உயரத்துல இருந்தா போதும்னு இருந்துச்சு. அதாவது 15 அடி. உங்க கை நாலரை அடி உயரத்துல. 14 அடிக் கோலை நிமிர்த்தினா நுனி 18 அடியைத் தாண்டுது. அதைவிடப் பெரிய அழுத்தக் கம்பிகள் இன்னும் உயரத்துல போகும், ஆனா அதைத் தொடவே வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும்.

உங்க ரெண்டு காலும் உப்புத்தண்ணிச் சேத்துல. கோல் பிடிச்ச கையில நுழையுற மின்சாரம் மார்பு வழியா கால்ல இறங்கும். இதயம் துடிக்கிறதுக்குப் பதிலா நடுங்க ஆரம்பிக்கும். தப்பிச்சவங்க உள்ளங்கையிலயும் பாதத்துலயும் சின்னத் தீக்காயம்தான் தெரியும். 'ஒண்ணுமில்ல டாக்டர்'னு வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பாங்க. உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்துல போனா சிறுநீரகம் ஆபத்துல இருக்குன்னு அர்த்தம். அதனால ஈ.சி.ஜி. எடுக்காம யாரையும் அனுப்பாதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க ஓடிப்போய்த் தொடக் கூடாது. தள்ளி நின்னு 108-க்கு அடிங்க, மின்சாரம் நின்னதை உறுதி பண்ணிட்டு மூச்சு, துடிப்பு இல்லைன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க.

அப்ப எதை வாங்கலாம்?

9, 10 அடியில கண்ணாடி நார்க் கோல். 'கார்பன் கலந்தது'ன்னு எழுதியிருந்தா அது கார்பன்தான், கீழே வச்சிடுங்க. நீளம் குறையுற குறையை, தண்ணிக்கு இன்னும் கிட்டப் போய் நின்னும், தக்கையைப் பத்துப் பதினைஞ்சு கஜத்துக்கு மேல விடாமலும் சரிக்கட்டிக்கலாம். கடையில நுனியைப் பிடிச்சு வளைச்சுப் பார்க்காதீங்க. ரீலை மாட்டி, கோலைக் கிடைமட்டமா ரெண்டு நிமிஷம் ஒத்தைக் கையில பிடிச்சு நில்லுங்க. மணிக்கட்டு கீழே இழுத்தா அந்தக் கோல் உங்களுக்கு இல்ல. ஒரு உதறு உதறி நிறுத்துங்க, நுனி ரெண்டு ஆட்டத்துல நிக்கணும். வளையங்கள் கோலை விட்டுத் தூக்கலா இருக்கணும், இல்லைன்னா நனைஞ்ச நரம்பு கோல்ல ஒட்டிக்கிட்டு ஓடாது.

காசு கம்மின்னா கல் மூங்கில். முத்தினதா, நேரானதா, நுனி சிறுத்ததா பார்த்து, நிழல்ல நல்லா காயவச்சுக்கோங்க. ஒண்ணு சொல்லிடுறேன்: நனைஞ்ச மூங்கிலும், உப்புத்தண்ணி சொட்டுற கண்ணாடி நாரும் மின்சாரம் கடத்தும். எந்தக் கோலா இருந்தாலும் கம்பிக்குக் கீழே நிக்காதீங்க. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நடக்கும்போது கோலைக் கழற்றி, கிடையா பிடிச்சுட்டுப் போங்க.

முள் கையில ஏறிட்டா என்ன பண்றதுன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். வந்த வழியே பிடுங்காதீங்க, டி.டி. ஊசி போட்டுக்கோங்க. மீதியை அடுத்த இழையில எழுதுறேன், இன்னிக்கு நைட் டியூட்டி.