சதுரங்கம் ஆடிய பாதிரியார்

1858-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் லண்டன் மாநகரின் சதுரங்கக் கழகங்களில் ஒரே பரபரப்பு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து பால் மார்ஃபி என்னும் இளைஞர் வந்திருந்தார். வயது 21. தேர்ந்த ஆட்டக்காரர்களே அவர்முன் தடுமாறினர். அத்தகையவரோடு விளையாட அமர்ந்த ஒருவர், பெரும்பாலோர் மதிக்காத ஒரு முறையில் ஆட்டத்தைத் தொடங்கி, வென்றும் காட்டினார். அதனைத் தொடர்ந்து இருவருக்கும் முறையான போட்டி ஒன்று நடந்தது. அதில் ஆங்கிலேயர் பூண்டிருந்த பெயர் ‘ஆல்டர்’.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இப்பெயரைக் கடந்து செல்வது எளிதன்று. ஆல்டர் என்பது லத்தீன் சொல். ‘மற்றவன்’ என்று பெயர்த்தால் போதாது. ‘இருவரில் இன்னொருவன்’ என்பதே அதன் சரியான பொருள். அந்த இருவரில் முதல்வர் வணக்கத்துக்குரிய ஜான் ஓவன், இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. இன்னொருவரும் அவரே.

ஓவன் 1827-ஆம் ஆண்டு ஸ்டாஃபோர்டுஷயர் மாவட்டத்தில் மார்ச்சிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ரெப்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்று, 1850-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே குருப்பட்டமும் ஏற்றார். அக்காலத்தில் ஒரு கனவான் வீட்டு இளைஞன் செல்லக்கூடிய பாதைகளில் இது வழக்கமானதொன்று. அப்பாதையில் சென்றவர் பலர் சதுரங்கத்திலும் தேர்ந்திருந்தனர் என்பதுதான் வியப்பு. மெக்டொனல், ரேங்கன், வேய்ட், ஸ்கிப்வர்த் என்று பாதிரிமார் பெயர்களாகவே அடுக்கலாம். பல்கலைக்கழகக் கல்வியும், கிராமத்து ஓய்வும், தபாலில் நகர்வுகளை எழுதியனுப்பி ஆடும் வசதியும் இதற்குத் துணை செய்தன. பகடை உருட்டாத ஆட்டம் என்பதால் சூதின் நிழலும் அவ்வளவாக இதன்மேல் படியவில்லை. ஆயினும் பரிசுப் பணம் வைத்த போட்டியில், சிற்றுண்டி விடுதிகளின் புகையிலைப் புகைக்கு நடுவே, ஞாயிறன்று பிரசங்கபீடம் ஏற வேண்டியவர் அமர்ந்திருப்பது வேறு விஷயம். குருமார் சிலர் புனைபெயரை நாடியதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று.

மார்ஃபியுடன் நடந்த அந்தப் போட்டியில் ஆல்டர் நன்றாக அடி வாங்கினார். மார்ஃபி தம் சிப்பாய்களில் ஒன்றைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, முதல் நகர்வையும் எதிரிக்கே விட்டுக்கொடுத்து ஆடினார். அப்படியிருந்தும் ஐந்து ஆட்டங்களை வென்றார். இரண்டு சமநிலையில் முடிந்தன. ஓவனுக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. சலுகை பெற்றுத் தோற்பதைவிடச் சலுகையின்றித் தோற்பது மேல் என்று நினைக்கும் மனிதர் அத்துடன் ஆட்டத்தையே விட்டிருப்பார். ஓவன் விடவில்லை.

1862-இல் லண்டனில் சர்வதேசப் பொருட்காட்சி நடந்தபோது, சர்வதேசச் சதுரங்கப் போட்டியும் கூடிற்று. பதினான்கு பேர், ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஆட வேண்டும். இதற்கு முன் 1851-இல் நடந்த போட்டியில் தோற்றவர் விலகிவிடுவதே முறை. சர்வதேசப் போட்டியொன்று எல்லோரும் எல்லோருடனும் ஆடும் முறையில் நடந்தது 1862-இல்தான். எண்ணித் தீராமல் யோசித்துக்கொண்டிருப்போரைக் கட்டுப்படுத்த மணற்கடிகாரம் வைத்தார்கள். முதலிடம் பெற்றவர் ஜெர்மானியரான அடால்ஃப் ஆண்டர்சன். அவர் பன்னிரண்டு பேரை வென்று ஒரே ஒருவரிடம் தோற்றார். அந்த ஒருவர் ஓவன். ஓவனுக்கு மூன்றாம் இடம். வியன்னாவிலிருந்து வந்திருந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் என்ற இளைஞருக்கு ஆறாம் இடம்.

அதே 1862-ஆம் ஆண்டில்தான் ஓவன் செஷயர் மாவட்டத்து ஹூட்டன் என்ற ஊருக்குச் சேகரகுருவாகவும் பொறுப்பேற்றார். ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம், நோயாளிகளைக் காணுதல் என்று ஆண்டு முழுவதும் ஓயாத கடமை. ஸ்டைனிட்ஸோ லண்டனிலேயே தங்கிச் சதுரங்கத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார்; 1886-இல் முதல் உலகச் சாம்பியன் ஆனார். அவரும் ஓவனும் 1862-இல் ஒரே கூடத்தில் ஆடி எழுந்தவர்கள். ஒருவர் பலகையோடு போனார். மற்றவர் கோவிலுக்குத் திரும்பினார். ஓவன் தொழில்முறை ஆட்டக்காரராக மாறியிருந்தால் எவ்வளவு உயர்ந்திருப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் அதிக ஈடுபாடில்லை. மார்ஃபியிடம் பெற்ற அனுபவத்தை வைத்துப் பார்த்தால், தம் அளவை அவர் பலரையும்விடத் தெளிவாக அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

ஹூட்டன், மெர்ஸி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லிவர்பூலுக்கு அண்மையில் இருந்தது நல்லதாயிற்று. அந்நகரின் சதுரங்கக் கழகத்தில் அவர் நெடுங்காலம் ஆடினார். இளைய தலைமுறையின் வல்லவர்களில் ஒருவராய் வளர்ந்த அமோஸ் பர்னோடும் அங்கே மோதினார்.

இனி அவருடைய ஆட்டமுறை. வெள்ளை தன் அரசன்முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால், கறுப்பும் நடுப்பலகையில் ஒரு சிப்பாயை நிறுத்திப் பதில் சொல்வதே அந்நாளைய மரபு. ஓவன் அப்படிச் செய்வதில்லை. அரசியின் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார். அதனால் திறந்த வழியில், நம் நாட்டில் இடத்துக்கிடம் ஒட்டகம் என்றும் மந்திரி என்றும் பெயர் பெறும் காயைக் கொண்டுவந்து நிறுத்துவார். அது ஓரத்தில் இருந்தபடியே பலகையைக் குறுக்காக நோக்கும். ஆங்கிலேயர் அந்தக் காய்க்கு வைத்துள்ள பெயர் பிஷப்! மார்ஃபியை வென்ற ஆட்டமும் இவ்வாறு தொடங்கியதே.

கல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு இங்கே ஒரு செய்தி. ஏறக்குறைய அதே காலத்தில் அந்நகரில் ஜான் காக்ரன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரோடு மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். நம் பழைய முறையில் சிப்பாய்க்கு இரட்டை அடி கிடையாது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, பானர்ஜியும் சிப்பாயை ஓரடி நகர்த்தி, ஓரத்திலிருந்து குறுக்காக நோக்கும் வகையில் அக்காயை நிறுத்துவார். அவர் விரும்பியது அரசனின் பக்கம். ஓவன் விரும்பியது அரசியின் பக்கம். அவ்வாட்டங்கள் சில லண்டன் சதுரங்க ஏட்டிலும் வெளியாயின. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. நடுப்பலகையை உடனே பிடிக்காமல் தூரத்திலிருந்து அடக்கலாம் என்ற எண்ணம், அதனை ஏளனமாகப் பார்த்த காலத்திலேயே, ஒரு கிராமத்துப் பாதிரியாரிடமும் ஒரு வங்காளியிடமும் உயிரோடிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் வல்லுநர்கள் அதனைப் பெரிதும் போற்றினர்.

1900-ஆம் ஆண்டு ஓவன், முப்பத்தெட்டு ஆண்டுப் பணிக்குப் பின், ஹூட்டனை விட்டு ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே ஸ்டைனிட்ஸ் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். 1901 நவம்பரில் ட்விக்கன்ஹாமில் ஓவனும் மறைந்தார். சதுரங்க நூல்களில் அத்தொடக்கம் இன்றும் ‘ஓவன் தற்காப்பு’ என்றே வழங்குகிறது. ஆல்டர் என்று எவரும் எழுதுவதில்லை.