தலை தப்பிய பிறகு

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய ஆபத்து விலகிவிட்டது, இனிக் கவலையில்லை என்ற நிம்மதி அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் தலையிலேயே பலத்த அடிபட்டுப் பிழைத்தவர்களுக்குக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சட்டைப் பொத்தான் போடுவது, பால் காய்ச்சுவது, கடைக்குப் போய்விட்டு வழி தவறாமல் வீடு திரும்புவது எல்லாமே மறுபடி படிக்க வேண்டிய பாடங்களாகிவிடுகின்றன. காயத்தைப் பற்றி நிறைய எழுதிய மருத்துவ வரலாறு, இந்தப் பாடங்களைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறது. இரண்டு மனிதர்களின் வாழ்க்கையைக் கொண்டு அதைச் சற்றுப் பார்ப்போம்.

ஆறு குதிரை வண்டி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவன்டிஷ் என்று ஓர் ஊர். 1848 செப்டம்பர் 13 அன்று அங்கே ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஃபினியஸ் கேஜுக்கு வயது 25. துளைக்குள் திணித்த மருந்து எதிர்பாராமல் வெடித்தது. கையிலிருந்த இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து, மண்டை உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியே பறந்தது. கம்பியின் நீளம் ஒரு மீட்டருக்கு மேல். எடை 6 கிலோ. அப்படியும் ஆள் சிறிது நேரத்தில் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே தன் விடுதிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் ஜான் ஹார்லோவின் சிகிச்சையில் இருந்து, சுமார் பத்து வாரங்களில் சொந்த ஊருக்கும் போய்விட்டார்.

ஆனால் பழைய வேலையைத் திரும்பக் கொடுக்க ஒப்பந்தக்காரர்கள் தயாராக இல்லை. கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த மேஸ்திரி, முரட்டுப் பேச்சும் நிலையில்லாத புத்தியும் உள்ளவராக மாறிவிட்டார் என்று ஹார்லோ 1868-ல் எழுதினார். பாடநூல்கள் பலவும் இந்த இடத்திலேயே கேஜை விட்டுவிட்டன. கடைசிவரை உருப்படாமல் அலைந்தார் என்று எழுதியவர்களும் உண்டு.

சரி, உண்மையில் அப்புறம் என்ன ஆச்சு? ஆஸ்திரேலிய உளவியலாளர் மால்கம் மக்மில்லன் இதைத் தோண்டித் துருவி 2000-ல் ஒரு நூல் வெளியிட்டார். கேஜ் முதலில் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். 1852-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே ஏறக்குறைய ஏழு வருஷம் வால்பரைசோ – சான்டியாகோ பாதையில் பயணிகள் வண்டி ஓட்டினார். ஆறு குதிரைகள் பூட்டிய வண்டி அது. விடியுமுன் எழுந்து குதிரைகளைத் தயார் செய்ய வேண்டும். மூட்டைகளை ஏற்ற வேண்டும். பயணிகளிடம் பக்குவமாக நடந்துகொள்ள வேண்டும். பாஷையோ புதுசு. ஊர் உலகம் உருப்படாதவன் என்று நினைத்த ஒருவர் இத்தனையையும் செய்தார்.

மக்மில்லன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். அந்த வேலையில் ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை வேலையே நினைவூட்டியது. குலைந்துபோன மனத்துக்கு அந்த ஒழுங்கு ஓர் ஊன்றுகோல் ஆயிற்று. உடல்நலம் குன்றியதால் கேஜ் 1859-ல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயாரிடம் வந்தார். வலிப்பு நோய் கண்டு 1860 மே 21 அன்று காலமானார். அடிபட்ட பிறகு அவர் வாழ்ந்தது பதினொன்றரை வருஷம். அதில் பெரும் பகுதி சொந்த உழைப்பில் பிழைத்த வாழ்க்கை.

எடுக்காத பேனா

கேஜுக்குக் கிடைத்த ஒழுங்கு தற்செயலாக அமைந்தது. அதை வைத்தியமாகவே கொடுக்கும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் போர்களில்தான் வலுப்பட்டது. முதல் உலகப் போரில் மூளையில் காயம்பட்ட வீரர்களுக்காக ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் ஒரு நிலையம் நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் லூரியா அதே பணியைச் செய்தார்.

லூரியாவிடம் வந்தவர்களில் ஒருவர் லெவ் ஸாஸெட்ஸ்கி. பொறியியல் படிப்பின் நடுவே போருக்குப் போன இளைஞர். 1943 மார்ச்சில் குண்டு அவர் மூளையின் இடது பின்பகுதியைச் சிதைத்தது. பார்க்கும் பொருளின் வலது பாதி தெரியாது. சொல் நாக்கில் வராது. இடது எது வலது எது என்று புரியாது. ஆஸ்பத்திரியில் தன் கட்டிலுக்குத் திரும்பும் வழிகூடத் தெரியாமல் நிற்பார். எழுத்துக்களை அ, ஆ-விலிருந்து தொடங்கும் குழந்தை மாதிரி மறுபடி படித்தார்.

எழுதுவதும் அப்படியே திணறல்தான். ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் யோசித்து யோசித்துத் தேட வேண்டியிருந்தது. ஒரு நாள் மருத்துவர், யோசிக்காமல், பேனாவை எடுக்காமல், முழுச் சொல்லையும் ஒரே வீச்சில் எழுதச் சொன்னார். கை எழுதிவிட்டது! கண்ணும் கருத்தும் மறந்ததைக் கையின் பழக்கம் மறக்கவில்லை. ஆனால் எழுதியதைப் படிக்க அவர் படாத பாடு பட்டார்.

வீடு திரும்பிய பிறகும் விறகு பிளப்பது, ஆணி அடிப்பது எல்லாம் போராட்டம்தான். ஆனாலும் மேஜை முன் உட்கார்ந்து தன் கதையைத் தினமும் எழுதினார். சுமார் 25 வருஷத்தில் ஏறக்குறைய 3,000 பக்கங்கள் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு லூரியா எழுதிய நூல் 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஸாஸெட்ஸ்கி படிப்பை முடிக்கவில்லை, பொறியாளர் ஆகவும் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் செய்வதற்குத் தனக்கென்று ஒரு வேலை அவருக்கு இருந்தது.

நம் வீட்டுப் பாடம்

இந்த இரண்டு பேரும் பழைய ஆளாகத் திரும்பவில்லை. மிச்சமிருந்த திறமைக்கு ஏற்ற ஒரு வேலை கிடைத்தது. அதைத் தினமும், மெதுவாக, தாங்களே செய்தார்கள். சுதந்திரம் திரும்பிய வழி அதுதான். இன்றைய மறுவாழ்வு சிகிச்சையும் இதே வழியில் போகிறது. சாவி எப்போதும் ஒரே ஆணியில், மாத்திரை ஒரே டப்பாவில், அன்றைய வேலைகள் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக என்று சொல்லித் தருகிறார்கள்.

நாமோ பாசத்தால் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். "பாவம், நீ சும்மா உட்காருப்பா" என்று கையிலிருக்கிற டம்ளரையும் வாங்கி வைத்துவிடுகிறோம். வெளியூரில் குடியிருக்கும் நமக்கு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள அத்தையோ சித்தியோ பக்கத்தில் இல்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்று நாமே பொத்தானைப் போட்டு, நாமே ஊட்டிவிட்டு ஓடுகிறோம். அவசரத்தில் செய்யும் இந்த உதவி, அவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை அன்றைக்குப் பறித்துவிடுகிறது. காபி கலக்க அவருக்கு அரை மணி ஆகட்டுமே. கொஞ்சம் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. அப்படி ஒருவர் நம் பொங்கல் விழாவுக்கு வந்தால், முன்வரிசையில் உட்காரவைத்து மரியாதை செய்வதோடு விட்டுவிட வேண்டாம். வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுக்கும் தட்டை அவர் கையில் கொடுப்போம். அடுத்த வருஷமும் அதே தட்டு அவருக்காகக் காத்திருக்கட்டும்.