டங்... டங்... டங்: சீரியல் க்ளோசப்புக்கு ஒரு வரலாறு உண்டு

இன்னிக்கு சீரியல் பத்திப் பேசப் போறோம். கதையைப் பத்தி இல்ல, அந்த கேமராவையும் சத்தத்தையும் பத்தி.

மருமகள் ஒரு உண்மையைப் போட்டு உடைக்கிறார். உடனே மாமியார் முகம், க்ளோசப்பில், மூணு தடவை. அப்புறம் மாமனார், கொழுந்தன், ஓரகத்தி, கதவோரம் நிற்கிற பாட்டி. நடுவில் ஒரு இடி. இதை வெச்சு நாம எவ்வளவோ மீம் போட்டாச்சு. ஆனா ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு சத்தமும் ஏதோ ஒரு நடைமுறைத் தேவையிலதான் பிறந்திருக்கு. அதைத் தேடிப் போனா, கிட்டத்தட்ட நூறு வருஷம் பின்னால, சிகாகோவில் போய் நிற்கணும்.

காதுக்காகப் பிறந்த கதை

1930. சிகாகோவின் டபிள்யூ.ஜி.என் வானொலி. ஸ்கூல் டீச்சரா இருந்த இர்னா பிலிப்ஸ், 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்ற தொடரை எழுத ஆரம்பிக்கிறார். பகல் நேரம், கால் மணி நேரம், வீட்டுக்குள்ள நடக்கிற குடும்பக் கதை. இந்த மாதிரி தொடர்களுக்குப் பணம் போட்டவங்க சோப்பு கம்பெனிகள். 1933ல் வந்த 'மா பெர்கின்ஸ்' தொடருக்கு ஆக்சிடால் சோப்புத்தூள் விளம்பரதாரர். 'சோப் ஓபரா' என்ற பேரு அப்படித்தான் வந்தது.

இப்போ கேட்கிறவங்களை யோசிச்சுப் பாருங்க. துணி துவைக்கிறாங்க, அடுப்புல ஏதோ வெந்துக்கிட்டு இருக்கு, குழந்தை அழுவுது. முழுக் கவனத்தோட ரேடியோ முன்னாடி உட்கார யாருக்கும் நேரம் இல்ல. அவங்களுக்கு எப்படிக் கதை சொல்றது?

அதுக்குக் கிடைச்ச விடைதான் ஆர்கன். முழு வாத்தியக் குழுவுக்கு சம்பளம் கொடுக்க முடியாது. ஆர்கன்னா ஒரே ஒரு ஆள் போதும். ஒரு நோட்டை இழுத்துப் பிடிச்சா காட்சி மாறுதுன்னு அர்த்தம். திடீர்னு கனமா ஒரு அடி அடிச்சா, 'அம்மா, வேலையை விட்டுட்டு இங்க கவனிங்க'ன்னு அர்த்தம். வசனமும் அப்படித்தான். ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிடணும், நேத்து நடந்ததை இன்னிக்குத் திரும்பச் சொல்லணும்.

இதெல்லாம் கண்டுபிடிச்ச இர்னாவுக்குக் கிடைச்சது என்ன? 'பெயின்டட் ட்ரீம்ஸ்' யாருக்குச் சொந்தம்னு வானொலி நிலையத்தோட தகராறு. கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். அதுக்குள்ள வேற நிலையத்துக்கு மாறி 'டுடேஸ் சில்ட்ரன்' எழுதியிருந்தார். இந்தத் தடவை உரிமையைத் தன் கையிலேயே வெச்சுக்கிட்டார்.

சின்ன ஸ்கிரீன், பெரிய முகம்

1937ல் ரேடியோவில் தொடங்கின அவரோட 'கைடிங் லைட்', 1952ல் டிவிக்கு வந்தது. 1956 வரை ரெண்டிலும் ஓடியது. அதாவது டிவி சீரியல் ஆரம்பத்தில் படம் ஒட்டின ரேடியோதான். ஆர்கனும் கூடவே வந்தது.

1956 ஏப்ரல் 2ல் இர்னாவின் 'ஆஸ் த வேர்ல்டு டர்ன்ஸ்' அரை மணி நேரத் தொடரா வந்தது. கால் மணி அரை மணி ஆனதும் அவர் கதையை வேகமாக்கலை, மெதுவாக்கினார். ஒரு கப் காபி, ரெண்டு பேர், அவங்க முகம். அன்னிக்கு டிவி ஸ்கிரீன் ரொம்பச் சின்னது, படமும் தெளிவில்லை. தூரத்தில் நிற்கிற ஆளோட உணர்ச்சி தெரியவே தெரியாது. செட்டும் சின்னது. அதனால கேமரா முகத்துக்கிட்ட போச்சு.

இன்னொரு விஷயம், எல்லாம் லைவ். ஒரு காட்சி முடிஞ்சு அடுத்த செட்டுக்கு நடிகர் ஓடணும், கேமராவைத் தள்ளணும். அந்த சில வினாடியை எப்படி நிரப்புறது? கடைசி வசனம் முடிஞ்சதும் ஒருத்தர் முகத்திலேயே கேமரா நிற்கும், அவங்க அப்படியே வெறிச்சுப் பார்ப்பாங்க, ஆர்கன் ஏறும். இன்னிக்கும் காட்சி முடிவில் நம்ம ஆளுங்க வெறிக்கிறாங்களே, அது அங்க இருந்து வந்த பழக்கம்.

ஒருத்தர் முதுகுக்குப் பின்னால நின்னு இன்னொருத்தர் பேசுவார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பாங்க. நிஜத்துல யாரும் அப்படிப் பேச மாட்டோம். ஆனா ரெண்டு முகமும் ஒரே ஷாட்டில் கிடைச்சிடும், கட் பண்ண வேண்டிய அவசியம் இல்ல.

1963 நவம்பர் 22 அன்று இந்தத் தொடர் லைவா ஓடிக்கிட்டிருந்தபோதுதான், கென்னடி சுடப்பட்ட செய்தியை வால்டர் க்ரான்கைட் குறுக்கிட்டுச் சொன்னார். முதல்ல வந்தது அவர் குரல் மட்டும்தான். கேமரா சூடாகி ரெடியாக நேரம் ஆகும் என்பதால் ஸ்கிரீன்ல ஒரு அறிவிப்பு அட்டை. நடிகர்களுக்கு விஷயமே தெரியாது, அவங்க நடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்த நிமிஷம் பல வீடுகளில் டிவி மறுபடி ரேடியோ ஆச்சு.

அப்புறம் டேப்பில் பதிவு பண்ற காலம் வந்தது. இர்னாவிடம் எழுதிப் பழகின வில்லியம் பெல், மனைவியோட சேர்ந்து உருவாக்கின 'த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்' 1973ல் வந்தபோது, மங்கலான வெளிச்சம், இன்னும் நெருக்கமான க்ளோசப்னு சினிமா மாதிரி ஆச்சு. 1985ல் பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' எபிசோடு முடிவையே ஒரு ட்ரம் சத்தமா மாத்தினது. ஒரு அதிர்ந்த முகம், உடனே அந்த அடி. ரசிகர்கள் அதுக்கு 'டூஃப் டூஃப்'னு பேரே வெச்சாங்க.

நம்ம ஊருக்கு வந்தப்போ

1984ல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்', மெக்சிகோ தொடர்களைப் பார்த்து உருவானது. எபிசோடு முடிவில் அசோக் குமார் கேமராவைப் பார்த்து நேரா நம்மகிட்ட பேசுவார். இடியும் இல்ல, மின்னலும் இல்ல.

மாற்றம் 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸில் வந்த 'க்யூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ' காலத்தில். 1,800 எபிசோடுக்கு மேல ஓடின தொடர் அது. ஒரு முகத்துல இருந்து இன்னொரு முகத்துக்குச் சட்டுனு பாயுற கேமரா, திரும்பத் திரும்ப ஜூம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சத்தம். தமிழில் அதுக்கு முன்னாடியே 'சித்தி' வந்துடுச்சு, அப்புறம் 'மெட்டி ஒலி', 'கோலங்கள்'. டைட்டில் பாட்டு கேட்டாலே போதும், சமையல்கட்டில் இருக்கிறவங்க ஹாலுக்கு வந்துடுவாங்க. அந்தப் பாட்டு வீட்டுக்கு ஒரு மணி அடிச்ச மாதிரி. சிகாகோ ஆர்கன் செஞ்ச அதே வேலை.

ஆனா இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. ஆர்கனும் க்ளோசப்பும் நேரமே இல்லாத பெண்களுக்காகப் பிறந்தது. ஒரு வசனத்தைத் தவறவிட்டாலும் கதை புரியணும் என்கிற அக்கறை அதுல இருந்தது. தினமும் ஒரு எபிசோடு கொடுத்தே ஆகணும் என்கிற அவசரத்தில், ஒரே வசனத்துக்கு எட்டு முகம் காட்டினா ரெண்டு நிமிஷம் ஓடிடும். எழுத வேண்டிய ரெண்டு பக்கம் மிச்சம். நேரம் இல்லாதவங்களுக்குன்னு செஞ்ச கருவி, அவங்க நேரத்தையே எடுத்துக்கிற கருவியா மாறிப்போச்சு. கேலி பண்ணணும்னா அதைப் பண்ணலாம். அம்மாவோ பாட்டியோ பார்க்கிறாங்களேன்னு அவங்க ரசனையைக் கேலி பண்றதுல எனக்கு உடன்பாடில்லை.

ஒரு சின்ன வேலை சொல்றேன். இன்னிக்கு ராத்திரி வீட்டில் ஓடுற சீரியலை அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக் கேளுங்க. அப்புறம் அஞ்சு நிமிஷம் மியூட்ல பாருங்க. எதுல கதை அதிகமா புரிஞ்சதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.