பெயிண்ட்பால் மார்க்கர்: காற்றுப் பாகங்களை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிறந்தநாள் கொண்டாட்டம், கம்பெனி குழுப் பயிற்சி, கல்லூரி முகாம் என்று பெயிண்ட்பால் திடலுக்குப் போய்வந்த இளைஞர்கள் இப்போது நம்மிடையே நிறைய பேர். லங்காவித் தீவில் உலகக் கிண்ண ஆசியப் போட்டிகளே நடந்திருக்கின்றன. வாடகை மார்க்கரில் விளையாடிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை சொந்த மார்க்கர். அதையும் வாங்கிவிட்டால் கைநிறையப் பளபளக்கும் உதிரிப் பாகங்கள் மீது கண் போகும்.

கப்சாய் மோட்டார் வாங்கியவுடன் முதலில் புகைக்குழாயை மாற்றும் பழக்கம் போலத்தான் இதுவும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ஓவர்டைம் காசைச் சேர்த்துப் பழைய மார்க்கருக்குப் புதிய ரெகுலேட்டர் வாங்கினார். மாட்டிய பிறகும் பழைய கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் கோளாறு ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் என்று தெரிந்தது. அதன் விலை ஒரு தே தாரிக் காசுகூட இல்லை. எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

எந்த மார்க்கர்?

பெயிண்ட்பால் 1981 ஜூன் 27-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் 12 பேர் விளையாடிய ஆட்டமாகத் தொடங்கியது. அவர்கள் பயன்படுத்திய நெல்ஸ்பாட் 007, மரங்களிலும் மாடுகளிலும் தூரத்திலிருந்து சாய அடையாளம் இடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. ‘மார்க்கர்’, அதாவது அடையாளமிடும் கருவி என்ற பெயர் இந்த ஆட்டத்துக்குப் பொருத்தமானதுதான்.

காற்றுப் பாகங்களைப் புரிந்துகொள்ள மிக நல்ல பாடநூல் ‘ஆட்டோகாக்கர்’ என்ற மார்க்கர். அமெரிக்காவின் பட் ஓர் உருவாக்கியது. மற்ற பல மார்க்கர்களில் பாகங்கள் உள்ளே மறைந்திருக்கும். ஆட்டோகாக்கரில் அவை முன்பக்கம் வெளியே தெரியும்படி நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அதனால்தான் மிக அதிகமாகப் பாகம் மாற்றப்பட்ட மார்க்கர்களில் ஒன்றாக அது இருக்கிறது.

காற்று போகும் வழி

சிலிண்டரில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் 3,000 அல்லது 4,500 பி.எஸ்.ஐ. சிலிண்டரின் வாயிலேயே இருக்கும் ரெகுலேட்டர் அதை ஏறக்குறைய 800-க்குக் குறைத்து அனுப்புகிறது. குறைந்த அழுத்தத்தில் அனுப்பும் வகையும் உண்டு. அடுத்து மார்க்கரில் உள்ள முதன்மை ரெகுலேட்டர் அதை இன்னும் குறைத்து வால்வுக்குக் கொடுக்கிறது. பந்தைத் தள்ளுவது இந்தக் காற்றுதான்.

அதே காற்றில் ஒரு சிறு பங்கு முன்பக்கம் பிரிகிறது. அங்கே மூன்று பாகங்கள் இருக்கின்றன.

முதலாவது, குறை அழுத்த ரெகுலேட்டர். அழுத்தத்தைச் சுமார் 70 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை இறக்கும். இரண்டாவது, மூவழி வால்வு. விசையோடு ஒரு கம்பியால் இணைந்து, காற்றை எந்தப் பக்கம் விடுவது என்று முடிவு செய்யும். மூன்றாவது, ராம் எனப்படும் சிறு சிலிண்டர். அதன் தண்டு முன்னும் பின்னும் நகர்ந்து மார்க்கரின் பின்கட்டையைத் தள்ளி இழுக்கும்.

விசையை இழுக்கும்போது முதலில் சுத்தியல் விடுபட்டு வால்வைத் தட்டும், பந்து பறக்கும். விசை இன்னும் பின்னால் போகும்போது மூவழி வால்வு திசை மாறும். ராம் பின்கட்டையைப் பின்னுக்குத் தள்ளும். சுத்தியல் மறுபடி மாட்டிக்கொள்ளும். அடுத்த பந்து விழும். விரலை விட்டால் பின்கட்டை முன்னுக்கு வந்து போல்ட் மூடிக்கொள்ளும். இந்த வரிசைதான் முக்கியம். வரிசை தவறி, சுத்தியல் விடுபடும் முன்பே போல்ட் திறந்துகொண்டால், காற்று பந்துத் தொட்டியை நோக்கி மேலே அடிக்கும்.

முதல் செலவு: ரப்பர் வளையமும் குழாயும்

எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் கசிவைத் தேடுங்கள். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றும்போது சோப்பு நீர் தடவிப் பார்ப்போமே, அதே முறைதான். மூவழி வால்வின் முனைகளில் குமிழ் வந்தால் அதன் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. முன்குழல் வழியாக மெல்லிய சீற்றம் கேட்டால் பெரும்பாலும் முதன்மை வால்வின் அடைப்பான் போயிருக்கும். சிறு குழாய்கள் மாட்டும் இடத்தில் குமிழ் வந்தால் குழாய் விரிந்துவிட்டது. நுனியை வெட்டி மாட்டலாம், அல்லது புதிதாக மாற்றலாம்.

ஓ-ரிங் பெட்டியும் ஒரு மீட்டர் குழாயும் வாங்குவதே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் மாற்றம். துரு நீக்கும் ஸ்ப்ரே எண்ணெயை உள்ளே அடிக்காதீர்கள். சில வகை ரப்பரை அது கெடுத்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயை மட்டும் இரண்டொரு சொட்டு விடுங்கள்.

சிலிண்டரில் காற்று ஏற்றும் முனையில் மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது. உயர் அழுத்தக் காற்று வேகமாகப் புகும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் தீப்பற்றும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது: முதன்மை ரெகுலேட்டர்

பணம் செலவழிக்கத் தகுந்த முதல் பெரிய பாகம் இது. ஒவ்வொரு பந்தும் ஒரே வேகத்தில் போனால்தான் குறி ஒரே இடத்தில் விழும். வேகம் ஒரே சீராக இருக்க, வால்வுக்கு வரும் அழுத்தம் சீராக இருக்க வேண்டும்.

உங்கள் ரெகுலேட்டர் கெட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. வேகமானி முன் ஐந்தாறு முறை சுடுங்கள். பிறகு சில நிமிடம் சும்மா வைத்துவிட்டு மறுபடி சுடுங்கள். முதல் பந்து மட்டும் மற்றவற்றைவிட அதிக வேகத்தில் போனால், ரெகுலேட்டர் சரியாக மூடாமல் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். அப்போதும் உடனே புதியது வாங்க வேண்டாம். உள்ளிருக்கும் இருக்கைத் துண்டையும் ஓ-ரிங்கையும் மாற்றிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் புதியது வாங்கலாம்.

கரியமில வாயுவில் ஓடும் மார்க்கர் வைத்திருப்போருக்கு நம் நாட்டு வெயில் ஒரு பிரச்சினை. 21 பாகை செல்சியசில் அந்தச் சிலிண்டரின் அழுத்தம் சுமார் 850 பி.எஸ்.ஐ. நம் மதிய வெயிலில் 31 பாகையைத் தாண்டும்போது 1,000-ஐக் கடந்துவிடும். வேகமாகச் சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை எவ்வளவு நல்ல ரெகுலேட்டரும் முழுதாகச் சமாளிக்காது. அழுத்தக் காற்றுச் சிலிண்டருக்கு மாறுவதே சரியான ‘அப்கிரேட்’.

மூன்றாவது: குறை அழுத்த ரெகுலேட்டர்

பந்து அடிக்கடி உள்ளேயே உடைகிறதா? ராம் அதிக பலத்தோடு போல்ட்டை மூடுவது காரணமாக இருக்கலாம். குறை அழுத்த ரெகுலேட்டரை மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சுத்தியல் மாட்டிக்கொள்ளாமல் போகும். அங்கிருந்து சற்று மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். பெரும்பாலான மார்க்கர்களுக்கு இந்தச் சரிசெய்தலே போதும்.

இப்படி அமைத்த அழுத்தம் ஒரு மணி நேர ஆட்டத்தில் தானாக ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் புதியதைத் தேடுங்கள். வாங்கும்போது அழகைப் பார்க்காமல், குறைந்த அழுத்தத்திலும் சீராக நிற்கிறதா, ஓ-ரிங் கடையில் கிடைக்கும் அளவா, கழற்றிச் சுத்தம் செய்ய எளிதா என்று பாருங்கள்.

நான்காவது: ராம்

ராமின் பலம் அழுத்தத்தையும் உள்விட்டத்தின் பரப்பையும் பொறுத்தது. உதாரணத்துக்கு, 10 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட ராம் 80 பி.எஸ்.ஐ.-இல் சுமார் 4.4 கிலோ எடையளவு தள்ளும். உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் அதே பலத்துக்கு 56 பி.எஸ்.ஐ. போதும். ஆனால் பெரிய ராம் நிரம்ப அதிகக் கொள்ளளவு காற்று வேண்டும். மூவழி வால்வின் துளை சிறிதாக இருந்தால் நகர்வும் மெதுவாகும். ஆகவே பெரியதே சிறந்தது என்று எண்ண வேண்டாம்.

பழைய ராம் வாங்குபவர்கள் தண்டைச் சுழற்றிப் பாருங்கள். நுனி ஆடினால் வளைந்திருக்கிறது. விரலால் இழுக்கும்போது எங்கும் சிக்காமல் வர வேண்டும். பின்துளையை அடைத்துக்கொண்டு தண்டை வெளியே இழுத்துவிட்டால், அது தானாக உள்ளே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே கசிகிறது.

கடைசியாக: மூவழி வால்வு

விசையின் நீளத்தைக் குறைக்க விரும்புவோர் வாங்குவது குறைந்த நகர்விலேயே திசை மாறும் மூவழி வால்வு. நல்ல பாகம்தான். ஆனால் இதை மாற்றினால் மேலே சொன்ன வரிசையை முழுக்கப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். காற்று இல்லாத நிலையில் மெதுவாக விசையை இழுத்து, சுத்தியல் விடுபடும் சத்தம் முதலில் வருகிறதா, அதன் பின்னரே வால்வின் தண்டு திசை மாறும் இடத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். இது பழகாதவர்கள் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது செய்வதே நல்லது.

மின்னணு மார்க்கர்களில் மூவழி வால்வின் வேலையை மின்காந்த வால்வு செய்கிறது. அங்கும் விதி ஒன்றுதான்: முதலில் ஓ-ரிங், பிறகு ரெகுலேட்டர்.

வேகமானியைத் தவிர்க்காதீர்கள்

எந்தக் காற்றுப் பாகத்தை மாற்றினாலும் பந்தின் வேகம் மாறலாம். வழக்கமான உச்சவரம்பு விநாடிக்கு 300 அடி. பல திடல்கள் 280 அடியோடு நிறுத்திவிடுகின்றன. 300 என்பது 330 ஆனால் வேகம் பத்து விழுக்காடுதான் கூடுகிறது, ஆனால் அடியின் ஆற்றல் 21 விழுக்காடு கூடுகிறது. எதிரே நிற்பவர் நம் தம்பியாகவோ நண்பராகவோ இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேகமானியில் அளந்துவிட்டே களத்தில் இறங்குங்கள்.

பாகம் கழற்றும் முன் சிலிண்டரை எடுத்துவிட்டு, மிச்சக் காற்று தீரும்வரை பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றுங்கள். சிலிண்டரைக் கழற்றும்போது அதன் தலைவால்வு புட்டியிலிருந்து திருகிக் கழல்கிறதா என்று கவனியுங்கள். அது பிய்ந்துகொண்டு பறந்தால் உயிருக்கே ஆபத்து. வால்வும் புட்டியும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால் சிறிது நகர்ந்தாலும் தெரிந்துவிடும். கார்பன் சிலிண்டர்களுக்கு அவற்றின் முத்திரையைப் பொறுத்து 3 அல்லது 5 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை வேண்டும். தேதி கடந்த சிலிண்டரை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சட்டத்தையும் பாருங்கள்

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதன் விளக்கம் காற்றுத் துப்பாக்கியையும், ஆயுதங்களின் உதிரிப் பாகங்களையும் சேர்த்தே பேசுகிறது. எனவே சொந்த மார்க்கர் வைத்துக்கொள்வதற்கும், வெளிநாட்டிலிருந்து பாகம் தருவிப்பதற்கும் முன்னால் உங்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று கட்டளையிட்டுவிட்டுப் பிறகு சுங்கத் துறையில் விளக்கம் சொல்வது வேலைக்கே உலை வைக்கும் காரியம்.

சந்தேகம் இருந்தால் மார்க்கரைத் திடலில் உள்ள பராமரிப்பாளரிடம் காட்டுங்கள். நல்ல பராமரிப்பாளர் முதலில் கேட்பது “எங்கே கசிகிறது?” என்றுதான். பாகத்துக்குச் செலவழிக்கும் முன், பழைய முகக்கவசத்தின் கண்ணாடியில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், இந்த மாதச் சம்பளத்தில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.