குப்பி விளக்கிலிருந்து கூரைச் சூரியன் வரை: ஒரு கல்முனை வீட்டின் மின்கணக்கு

எங்கள் வீட்டு அலுமாரியில் தடித்த கோப்பு ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் வந்த மின்சாரப் பட்டியல்களை அதில் அடுக்கி வைத்திருக்கிறேன். அச்சிட்ட எந்தத் தாளையும் எறிய மனம் வராமை பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த நோய். அண்மையில் அதைப் புரட்டிய என் பேத்தி, "மூத்தவாப்பா, காசு கட்டி முடிந்த பில்லுகளை எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "இதுவும் ஊர்ச் சரித்திரம்தான் மகள்" என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கோப்பு 2005ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவற்றை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டு போய்விட்டது. எனவே முற்பகுதியை நினைவிலிருந்தே எழுத வேண்டியிருக்கிறது.

மண்ணெண்ணெய்க் காலம்

நான் பிறந்தபோது அம்பாறை என்றொரு மாவட்டம் இல்லை. 1961வரை நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தவர்கள். அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா லாம்புச் சிம்னிகளைச் சாம்பல் தொட்டுத் துடைத்து வரிசையாக வைப்பார். படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று, குசினிக்குக் குப்பி விளக்கு ஒன்று, வாசலுக்கு அரிக்கன் லாம்பு ஒன்று. பெற்றோமக்ஸ் கலியாண வீடுகளுக்கு மட்டும் வாடகைக்கு வரும். மருதமுனையில் தறிக்காரர்கள் இரவிலும் விளக்கை அருகே வைத்துக்கொண்டு சாரம் நெய்ததைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ச் செலவு கூலியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்று அவர்கள் சொல்வார்கள்.

கொழும்பில் 1895ஆம் ஆண்டிலேயே மின்விளக்கு எரிந்துவிட்டது. மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை படித்தார். அவருடைய லக்சபான கனவு நிறைவேற 1950வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. இங்கினியாகலையில் அணை எழுந்து, அதனடியில் சுமார் 11 மெகாவாட் வலுவுள்ள நீர்மின் நிலையமும் அமைந்தது. அந்த அணையின் நீர் எங்கள் வயல்களுக்கு முதலில் வந்தது; மின்சாரம் எங்கள் வீட்டுக்கு வெகுகாலம் பிந்தியே வந்தது.

ஒற்றைப் பல்பு

இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் முதலாம் திகதி தொடங்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர் எங்கள் வீட்டில் முதல் பல்பு எரிந்தது. மண்டபத்தில் 40 வாட் பல்பு ஒன்று, அவ்வளவுதான். இஷாத் தொழுகை முடிந்து சாப்பாடும் ஆனபின் வாப்பா தம் கையாலேயே ஆளியை அணைப்பார். "மீற்றர் ஓடுது" என்பது அவருடைய நிரந்தர வாசகம். வலுச் சேமிப்பு என்ற சொல்லை அவர் அறியார். அதன் பொருளை அறிந்திருந்தார்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி தென்னைகளையும் மின்கம்பங்களையும் ஒன்றாகச் சாய்த்தது. உம்மா பரணிலிருந்து லாம்புகளை இறக்கினார். அன்று தொடங்கி அவற்றை அவர் மீண்டும் பரணில் ஏற்றவே இல்லை. கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்தார். அவர் செய்தது சரி என்பதைப் பின்வந்த ஆண்டுகள் நிரூபித்தன.

எண்பதுகளில் மத்திய கிழக்குப் பணம் ஊருக்கு வந்தது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியும், அடுத்து குளிர்சாதனப் பெட்டியும் வீடுகளுக்குள் நுழைந்தன. எது குறைந்த மின்சாரம் எடுக்கும் என்று எவரும் கேட்கவில்லை. பெட்டி எவ்வளவு பெரிது என்பதே அன்றைய அளவுகோல். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மின்சாரம் வந்து வந்து போகும் விருந்தாளியாயிற்று.

இரண்டு கடிகாரங்கள்

1996ஆம் ஆண்டை மறக்க முடியாது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அன்று நீர்மின்னாகவே இருந்தது. மழை பொய்த்ததும் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம்வரை மின்வெட்டு. மாலை விளக்கேற்றும் நேரத்திலேயே தேவை உச்சத்தைத் தொடும் என்பதால், அதைக் குறைக்க அரசாங்கம் கடிகாரத்தையே மாற்றியது. மே 25ஆம் திகதி நேரம் ஒரு மணி முன்னே நகர்ந்தது. ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரைமணி திரும்பியது. பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது 2006 ஏப்ரலில்தான்.

எங்கள் ஊரில் இதன் விளைவு விசித்திரமானது. தொழுகைக்குச் சூரியன்தான் கணக்கு. ஆறு மணி கடந்து ஒலித்த மஃரிப் பாங்கு ஏழு மணி கடந்து ஒலித்தது. பள்ளிவாசல்களின் நேர அட்டவணைகள் திருத்தி எழுதப்பட்டன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. செய்திக்காக யாரையேனும் சந்திப்பதென்றால், "புது நேரமா, பழைய நேரமா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டின் முதல் மாற்றம் அந்தக் காலத்தில்தான் நேர்ந்தது. மெல்லிய குழாய் வடிவ ஒடுக்கப் புளோரொளிர் விளக்குகளை மின்சார சபை பரப்பத் தொடங்கியிருந்தது. விலையைத் தவணையாக மாதப் பட்டியலோடு அறவிடும் ஏற்பாடும் இருந்தது. வாப்பா நம்பவில்லை. "பல்புக்கு யாராவது கடன் எடுப்பானா?" என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 வாட் பல்பு நாளுக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 12 வாட் விளக்குக்கு 2 அலகுகூட ஆகாது. பழைய பல்பு எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒளியாகிறது, மிகுதி வெப்பம். வாப்பா இரண்டு விளக்குகளுக்குச் சம்மதித்தார்.

கடலுக்குப் பின்

கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டிலேயே பேரிழப்பைச் சந்தித்த மாவட்டம் இதுவே. எங்கள் வீட்டின் குளிர்சாதனப் பெட்டியை மூன்றாம் நாள் இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் கண்டோம். அதைத் தேடிப் போகவில்லை. ஆட்களைத் தேடிப் போனோம்.

மீளக் கட்டிய வீட்டில் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. சாமான் வாங்குமுன் அதன் வாட் கணக்கைப் படிக்கும் வழக்கம் அப்போதுதான் எங்களிடம் வேரூன்றியது. பின்னர் எல்.ஈ.டி. விளக்குகள் வந்தன. நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யை உருவாக்கிய ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர்களின் கண்டுபிடிப்பு எங்கள் குசினியில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. கோப்பிலுள்ள பட்டியல்களில் அந்த மாற்றம் தெரிகிறது: அறைகள் கூடின, அலகுகள் கூடவில்லை.

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கியது. கூரையில் மின்சாரம் செய்து மிகுதியை விற்றால், முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாய். கத்தாரில் இருந்த மூத்த மகன் பணம் அனுப்பினான்; 2018இல் எங்கள் கூரையிலும் தகடுகள் ஏறின.

வரிசையில் நின்ற ஆண்டு

2022 எங்கள் பெருமையை அடக்கியது. எரிவாயு இல்லை என்று மின்னடுப்பு வாங்கினோம். மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. கூரையில் தகடு இருக்கிறதே என்று எண்ணுவீர்கள். மின்கலம் இல்லாமல் பொதுவிநியோகத்தோடு இணைந்த தொகுதி, மின்வெட்டு நேரத்தில் தானாகவே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் காக்கும் ஏற்பாடு அது. உச்சிவெயில் தகட்டில் கொளுத்த, வீட்டுக்குள் விசிறி ஓடவில்லை. என் மனைவி மூன்று கல் வைத்து விறகு மூட்டினாள். உம்மாவின் லாம்பு மீண்டும் எரிந்தது.

ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தது. இளைய மகன் வரிசையில் நின்று சலித்துப் பழைய மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். நூறு கிலோமீற்றருக்கு மூன்று அலகளவில் போதும். கல்முனைக்குடியிலிருந்து அக்கரைப்பற்றுவரை போய்வருவதற்கு அது தாராளம். ஆனால் ஒன்றரை ஆண்டில் ஈய மின்கலம் படுத்துவிட்டது. விற்றவர் உத்தரவாதத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை. புதிய மின்கலத்தின் விலையைச் சேர்த்துப் பார்த்தபோது இலாபக் கணக்கில் பாதி கரைந்திருந்தது. கடற்காற்றின் உப்போ எல்லாவற்றின் ஆணிகளையும் தின்கிறது. விற்பனைத் தாள்களில் இவை இருப்பதில்லை.

அயல் வீட்டுப் பட்டியல்

இப்போது நான் சொல்ல விரும்பிய விடயத்துக்கு வருகிறேன். எங்கள் அயலில் கைத்தறி நெய்யும் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். இரண்டு விளக்கு, ஒரு விசிறி. மாதம் 30 அலகுக்குள் அடக்கிவிடுவார். வாப்பாவைப் போலவே ஆளியை அணைத்து வாழ்பவர். 2022 ஓகஸ்ட்டில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கட்டணம் சராசரி 75 சதவீதம் உயர்ந்தபோது, அவருடைய வகையினருக்கு உயர்வு 264 சதவீதம். 2023 பெப்ரவரியில் அந்த வகையின் நிலைக்கட்டணம் மட்டும் 400 ரூபாயாயிற்று. பின்னர் கட்டணங்கள் ஓரளவு குறைக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் அந்த மாதங்களில் அவர் விசிறியைப் போடாமல் தறியில் இருந்ததை நான் கண்டேன்.

பழைய விசிறி 75 வாட். புதிய வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22 அலகு 9 அலகாகக் குறையும். அந்த விசிறி அதிகம் தேவைப்படுவது அவருக்கு. அதை வாங்க வசதியிருந்தது எனக்கு. கூரை, ஸ்கூட்டர், விசிறி எல்லாவற்றிலும் இதே கதைதான். முதலில் பணம் போட முடிந்தவனுக்கே சேமிப்பு கிடைக்கிறது. தொண்ணூறுகளின் அந்தத் தவணை விளக்கு இதைச் சரியாகப் புரிந்துகொண்ட திட்டம். பல்புக்குக் கடன் என்று சிரித்தோமே, அதுதான் ஏழை வீட்டுக்குள் நுழையக்கூடிய ஒரே வாசல். விசிறிக்கும் மின்கலத்துக்கும் அப்படியொரு வாசல் திறக்கப்பட வேண்டும்.

2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் பகல்நேரத் தேவை குறைந்ததால், கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை அணைத்துவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. 1996இல் மாலைக்கு மின்சாரம் போதாது என்று கடிகாரத்தைத் திருப்பிய நாட்டில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று சூரியனைத் திருப்பச் சொன்னார்கள். மாலைக் குறை அப்படியே இருக்கிறது. பகலைச் சேமித்து இரவுக்குக் கொடுக்கும் மின்கலமே அடுத்த கட்டம்.

நானும் எழுந்துபோய் ஆளியை அணைத்தேன். "மீற்றர் ஓடுது" என்று வாப்பா சொன்னது காதில் கேட்டது. அன்று மீற்றர் ஓடவில்லை. அயல் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் எங்கள் மண்டபத்துப் புது விசிறி அந்த வீட்டுக்குப் போயிற்று. ஒரு விசிறியால் நாடு மாறாது. ஆனால் அவருடைய அடுத்த மாதப் பட்டியலின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, என் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.