மயிலை அதிகார நந்தி: மரமும் வெள்ளியும்

மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் அதிகார நந்தி வாகனம் 1917இல் செய்தளிக்கப்பெற்றது. காளை முகமும் மனித உடலும் கொண்ட இவ்வுருவம், பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாட்காலையில் இறைவனைத் தாங்கி மாடவீதி வலம் வருகிறது. புறத்தே வெள்ளி; அகத்தே மரம். முழுதும் உலோகமாயின் தோளில் சுமத்தல் அரிது. ஆதலின் உருவை மரத்தில் செதுக்கி, புடைப்பு வேலை செய்த வெள்ளித் தகட்டை அதன்மேல் போர்த்துவர். மேலே எழுந்தருளும் செப்புத்திருமேனியை நோக்கிய ஆய்வாளர் கண், அதனைத் தாங்குவதை நோக்கியது குறைவே. இக்குறை சிறிதன்று. தகடு தேய்தலும் புதுக்கப்படுதலும் இயல்பு; பழந்தகடு உருக்கப்படின் அதிற்பொறித்த கொடையாளர் பெயரும் கம்மியர் கைவண்ணமும் உடன் அழியும். கல்வெட்டுகளைப் படியெடுப்பதுபோலத் திருப்பணிக்கு முன்னரே வாகனத் தகடுகளையும் படமெடுத்துப் பதிவு செய்தல் வேண்டும்.