ஊருக்குத் திரும்பாத கல்

நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டுக்கும் பரமத்திக்கும் நடுவே, சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்தில், மானாவாரிக் காடுகளுக்கு இடையே வெளிறிய கல் ஒன்று அங்கங்கே தலைநீட்டிக்கொண்டிருக்கும். கரும்புள்ளி கலந்த வெள்ளை. உழுகிறவருக்கு அது ஏர்முனைக்கு எமன். புவியியலாளருக்கு அது அனார்த்தோசைட், ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. இந்தக் கல் போகாத இடமில்லை. போகவேண்டிய ஒரே இடத்துக்குத்தான் இன்னும் போய்ச்சேரவில்லை.

முதல் பயணம் குருந்தக்கல்லோடு நடந்தது. சாணை பிடிக்கவும் மணிக்கற்களைப் பட்டை தீட்டவும் உதவும் குருந்தம் இந்த வெள்ளைக் கல்லுக்குள்ளேதான் விளைகிறது. லண்டனில் கனிமங்களைச் சேர்த்துவந்த சார்லஸ் கிரெவில் 1798-ல் ராயல் சொசைட்டி இதழில் ஆசியாவின் குருந்தம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பரமத்தியின் பெயர் வருகிறது. நான்கு ஆண்டு கழித்து போர்னோன் என்ற பிரெஞ்சுக் கனிமவியலாளர் குருந்தத்தோடு ஒட்டிவந்த வெள்ளைக் கல்லையும் எடுத்து ஆராய்ந்தார். கிரெவில் இறந்தபின், 1810-ல், அவருடைய சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியம் 13,727 பவுன் கொடுத்து வாங்கியது.

அந்த ஆண்டில் அதே மியூசியத்தில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை முன்கூட்டி எழுதிப்போட்டுச் சீட்டு வாங்கியவர்கள்தான் உள்ளே போகலாம். 1810 முதல், வாரத்தில் மூன்று நாள், பார்வைக்குக் கண்ணியமாக இருக்கிற எவரும் சீட்டில்லாமல் நுழையலாம் என்றாயிற்று. கண்ணியம் எது என்று யார் முடிவுசெய்தார்களோ! வாசற்காரர்தான் செய்திருப்பார்.

நம் பக்கம் கதை வேறு. 1851-ல் சென்னையில் மியூசியம் தொடங்கியபோது அதன் முதல் இருப்பே கற்கள்தான். சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கல் மாதிரிகள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனம் கூட்டம் கூட்டமாக வந்தது. மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’, மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்று அவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள். கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாதவர்களுக்கு அதுவே காலேஜ். மியூசியம் யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த நிபுணர் அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

சித்தம்பூண்டிக் கல்லின் இரண்டாவது பயணத்துக்குக் காரணம் நிலா. பாட்டி வடை சுடுவதாகக் குழந்தைக்குக் காட்டுகிறோமே, அந்தக் கருந்திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். சுற்றிலும் பளிச்சென்று தெரியும் மேட்டுநிலம்தான் அனார்த்தோசைட். நிலா உருவான புதிதில் அதன் மேல்பகுதி முழுக்க உருகிய குழம்பாக இருந்தது, கனமான தாதுக்கள் அடியில் இறங்க, லேசான பிளாஜியோகிளேஸ் என்னும் தாது பாலாடைபோல மேலே மிதந்து இறுகியது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் வரலாறு. 1971-ல் அப்பல்லோ 15 பயணிகள் அந்த அனார்த்தோசைட்டில் ஒரு துண்டை, 269 கிராம், எடுத்துவந்தார்கள். அதற்கு ‘ஜெனிசிஸ் ராக்’ என்று பெயர்.

சந்திரயான்-2 இறங்க வேண்டியது தென்துருவத்தை ஒட்டிய மேட்டுநிலத்தில். இறங்குகலத்தையும் உலாவியையும் இங்கேயே சோதித்துப் பார்க்க அந்த நிலத்து மண்ணைப் போன்ற மண் வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய ஜேஎஸ்சி-1ஏ என்ற செயற்கை மண் எரிமலைச் சாம்பலில் செய்தது. அது கருந்திட்டுக்குப் பொருந்தும், மேட்டுக்குப் பொருந்தாது. போதாததற்கு, அங்கிருந்து வாங்கினால் கிலோவுக்கு 150 டாலர் ஆகும் என்றும், தேவைப்பட்டது 60, 70 டன் என்றும் இஸ்ரோ விஞ்ஞானியாக இருந்த மயில்சாமி அண்ணாதுரை சொல்லியிருக்கிறார். அப்போதுதான் சேலம் பக்கத்துச் சித்தம்பூண்டிக் கல் நினைவுக்கு வந்தது. பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் கல்லை அடையாளம் காட்டினார்கள். உடைத்து, அரைத்து, நிலா மண்ணின் அளவுக்குச் சலித்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே இஸ்ரோவின் கூடத்தில் அதைப் பரப்பி, நிலாவில் படுகிற வெயிலைப்போல விளக்குப் போட்டு, உலாவியின் எடையை ஹீலியம் பலூனால் தூக்கிக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இந்த மண்ணைச் செய்யும் முறைக்கு 2014-ல் விண்ணப்பித்த காப்புரிமை 2020 மே மாதம் கிடைத்தது. அதில் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் திருச்சி என்.ஐ.டி.யும் பங்காளிகள்.

2019-ல் சந்திரயான்-2-ன் இறங்குகலமான விக்ரம் விழுந்து நொறுங்கியது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04-க்கு சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் உலாவி ஏறத்தாழ 100 மீட்டர் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. அடுத்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது: அங்கே இருப்பது இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை. அதுவும் சித்தம்பூண்டிக் கல்லும் அச்சு அசல் ஒன்றல்ல. நம் கல்லில் நீர் கலந்து உருவான தாதுக்கள் உண்டு, நிலாவின் கல்லில் கிடையாது. ஆனாலும் நெருங்கிய சொந்தம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாஷிங்டன் விண்வெளி மியூசியத்தில் 1976 முதல் ஒரு நிலாக்கல் சில்லைப் பதித்துவைத்து, வருகிற எவரும் விரலால் தொட்டுப் பார்க்க விட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று தொடுகிறார்கள். நம் பிள்ளைகள் நிலாக்கல்லின் பங்காளி மேலேயே உட்கார்ந்து ஆடு மேய்க்கிறார்கள். அது என்ன கல் என்று சொல்ல ஆளில்லை. கோளரங்கம் பார்க்கவேண்டுமென்றால் திருச்சிக்குப் போகவேண்டும், அறிவியல் மையம் பார்க்கக் கோவைக்கு. பஸ் கட்டணம், சாப்பாடு, ஒருநாள் கூலி இழப்பு எல்லாம் கூட்டிப் பார்த்தால் நுழைவுச்சீட்டு இலவசமாகவே கிடைத்தாலும் அதில் பெரிய அர்த்தமில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல் வீட்டில் தங்கிவிடுகிற பிள்ளைதான் முதலில் விட்டுப்போகிறது.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் இதில் ஒரு நல்ல திருப்பம். பிள்ளை மியூசியத்துக்குப் போவதற்குப் பதில், சோதனைப் பொருள்களோடு ஆள் அரசுப் பள்ளிக்கே வருகிறார். அந்தப் பெட்டியில் சித்தம்பூண்டிக் கல் ஒரு துண்டு இருந்தால் என்ன செலவு? பார்வையற்ற பிள்ளையும் தடவி அறியக்கூடிய பாடம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவேண்டிய பொருளே இல்லை.

அரியலூர்க்காரர்கள் தங்கள் கடற்புதைபடிமங்களுக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் வைத்துவிட்டார்கள். நாமக்கல்லுக்குப் பளிங்குக் கட்டடம் தேவையில்லை. பாறை தெரியும் இடத்தருகே, பஸ் நிற்கிற ரோட்டோரமாக ஒரு கொட்டகை போதும். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை, குழந்தை உயரத்துக்கு மேசை, நல்ல தமிழில் நாலு பலகை, கூலிவேலைக்காரர்களும் வரும்படி ஞாயிற்றுக்கிழமை திறப்பு. விளக்கிச் சொல்ல உள்ளூர்ப் பட்டதாரிகள் இருவருக்குச் சம்பளம். இதைக் கட்டடத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன், இது இல்லாமல்தான் பல மியூசியங்கள் பூட்டியே கிடக்கின்றன.

நிலா மண்ணை அள்ளிவரப்போகும் சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்துவிட்டது. அந்த மண் இந்தியா வந்துசேர்வதற்கு முன்பே சித்தம்பூண்டியில் இந்தக் கொட்டகை எழும்ப, மாவட்ட நிர்வாகமும் பெரியார் பல்கலைக்கழகமும் இஸ்ரோவும் இப்போதே சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டும்.